ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம்னு மாமனார் சொல்றார், செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். வீட்டுக்காரர் 2018லேர்ந்து மியூனிக்ல ஐடி வேலைல இருக்கார், பி.ஆர். (நிரந்தரமா தங்கற உரிமை) வந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு. பொண்ணுக்கு ஏழு வயசு, திருச்சில பிறந்தவ, இந்தியப் பாஸ்போர்ட். பையன் இங்கயே பிறந்தான், ஏழு மாசம் ஆகுது, அவன் பிறந்ததுமே ஜெர்மன் சிட்டிசன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஜெர்மனில இப்ப டூயல் சிட்டிசன்ஷிப் வந்துடுச்சாமே, அப்ப ரெண்டு பிள்ளைங்களுக்கும் ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் வாங்கிடலாமா? எங்க பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பிள்ளைங்களுக்கு ரெண்டும் இருக்கு. லால்குடில மாமனார் "ரெண்டு பாஸ்போர்ட்டும் வாங்கி பீரோல வைங்க, யார் வந்து கேக்கப் போறா"ங்கறார். பேத்தி நீட் எழுதி நம்ம ஊர்ல டாக்டருக்குப் படிக்கணும், வயலைப் பேரன் பேத்தி பேருக்கு இப்பவே எழுதி வைக்கணும்னு வேற நிக்கறார். வீட்டுக்காரரும் ஜெர்மன் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாமான்னு யோசிக்கறார். என்ன செய்யறதுன்னே புரியல.

பதில்:

வணக்கம்மா. முதல்ல பதிலைச் சொல்லிடறேன், காரணத்தை அப்புறம் பொறுமையா படிங்க. பையனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து அதோட ஓசிஐ கார்டு (இந்தியாவுக்கு வந்து போக, தங்க ஆயுளுக்கும் செல்லற கார்டு) வாங்குங்க. பொண்ணை இப்ப இருக்கற மாதிரியே இந்தியப் பாஸ்போர்ட்ல விடுங்க. பீரோ யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், மாமனார் பாசத்துல சொல்றார், ஆனா நாளைக்கு ஏர்போர்ட்ல குழந்தையைத் தூக்கிட்டு நிக்கப் போறது அவர் இல்ல நீங்க.

ஜெர்மனி பத்தி நீங்க கேள்விப்பட்டது சரிதான். 2024 ஜூன் 27லேர்ந்து அங்க புதுச் சட்டம், ஜெர்மன் ஆகறவங்க பழைய நாட்டை விட்டுட்டு வரணும்ங்கற நிபந்தனைய எடுத்துட்டாங்க, எட்டு வருஷம் இருக்கணும்னு இருந்ததை அஞ்சாக் குறைச்சாங்க. (மூணு வருஷத்துலேயே வாங்கலாம்னு ஒரு குறுக்கு வழியும் கூடவே வந்துது, அதை 2025 அக்டோபர்ல மூடிட்டாங்க, இன்னும் அதை நம்பிட்டு எனக்கு எழுதறவங்க இருக்காங்க.) உங்க பையன் பிறந்தப்பவே ஜெர்மன் ஆனதும் அந்தச் சட்டத்தாலதான், அப்பா அம்மால ஒருத்தர் அஞ்சு வருஷம் முறையா அங்க தங்கி நிரந்தரத் தங்கும் உரிமையும் வச்சிருந்தா குழந்தை தானாவே ஜெர்மன், நீங்க எந்த ஃபார்மும் போடத் தேவையில்ல.

ஆனா பாருங்க, அது ஜெர்மனி தன் பக்கக் கதவைத் திறந்து வச்சது, அவ்வளவுதான். இந்தியா பக்கக் கதவு அப்படியே மூடித்தான் கிடக்கு. நம்ம அரசியல் சட்டத்தோட 9ஆவது பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டத்தோட 9ஆவது பிரிவும் சொல்றது ஒண்ணேதான், தானா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினவர் அந்த நிமிஷமே இந்தியர் இல்ல. யாரும் வந்து பறிக்க வேண்டாம், நோட்டீஸ் வரவும் வேண்டாம், அதுவா போயிடும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய் இல்ல, இலங்கைல 1987லேயே சட்டத்தைத் திருத்தி இரட்டைக் குடியுரிமைக்கு வழி வச்சுட்டாங்க, வெளிநாட்டுல பிறந்த பிள்ளையைத் தூதரகத்துல பதிஞ்சு இலங்கைப் பிரஜையா ஆக்கிக்கவும் வழி இருக்கு. அவங்க நாட்டுச் சட்டம் அவங்களுக்கு. ஒரே மாடிப்படில ஏறி ஒரே தமிழ் பேசினாலும் அக்கா பிள்ளைங்க கேஸும் உங்க பிள்ளைங்க கேஸும் வேற வேறம்மா.

இந்தக் குழப்பத்துக்கு நம்ம அரசாங்கமும் ஒரு காரணம்னு நான் சொல்வேன். 2003 ஜனவரில வெளிநாடு வாழ் இந்தியர்களுக்காக நடந்த முதல் பிரவாசி பாரதிய திவஸ் விழா மேடைல பிரதமர் வாஜ்பாய் இரட்டைக் குடியுரிமை தரப்போறோம்னு அறிவிச்சார், கடைசில வந்தது என்னன்னா ஓசிஐ, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா. பேர்லயே சிட்டிசன்னு இருக்கறதால பாதிப் பேர் அதைக் குடியுரிமைன்னு நினைச்சுட்டாங்க, நிஜத்துல அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகற ஒரு விசா, கூடவே கொஞ்சம் சலுகைகள். ஓட்டு கிடையாது, தேர்தல்ல நிக்க முடியாது, அரசாங்க வேலை கிடையாது. ஆனா எத்தன தடவ வேணா வரலாம், எத்தன வருஷம் வேணா தங்கலாம், போலீஸ்ல பதிய வேண்டாம். அந்த அளவுல அது நல்ல கார்டுதான், குறை சொல்ல மாட்டேன்.

இப்ப உங்க பையன் விஷயம். இதுல சட்டத்துல ஒரு சின்ன சந்து இருக்கு, அதை உங்ககிட்ட மறைக்காம சொல்றதுதான் முறை, ஏன்னா யாராவது ஒருத்தர் வாட்ஸப்ல பாதியைச் சொல்லி உங்களைக் குழப்புவாங்க. குடியுரிமைச் சட்டம் 4ஆவது பிரிவுப்படி, வெளிநாட்டுல பிறந்த குழந்தைக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியரா இருந்தா, பிறந்த ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பிறப்பைப் பதிஞ்சா குழந்தை வம்சாவளியால இந்தியக் குடிமகன் ஆகலாம். ஒரு வருஷம் தாண்டிட்டா மத்திய அரசு அனுமதி வேணும். பதியறப்ப, இந்தக் குழந்தைகிட்ட வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லைன்னு அப்பா அம்மா எழுதிக் கையெழுத்துப் போடணும். கவனிங்க, வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லைன்னுதான் கேக்கறாங்க, வேற நாட்டுக் குடியுரிமையே இல்லைன்னு இல்ல. அதே பிரிவுல இன்னொரு வரியும் இருக்கு, இப்படி இந்தியனான மைனர் வேற நாட்டுக்கும் குடிமகனா இருந்தா, 18 வயசு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள அந்த வேற நாட்டை விட்டுடணும், விடலைன்னா இந்தியக் குடியுரிமை போயிடும். அப்படின்னா பதினெட்டரை வயசு வரைக்கும் ஒரு குழந்தை ரெண்டு நாட்டுக்கும் சொந்தமா இருக்கறதைச் சட்டமே ஒத்துக்கிட்டுத்தான் எழுதியிருக்கு.

"அப்ப இதைத்தான் சார் நான் கேட்டேன், செஞ்சுடலாமே"ன்னு நீங்க சொல்றது இங்க கேக்குது. செய்யலாம். ஆனா நடைமுறைல எங்க இடிக்கும்னு பாருங்க. பையனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டு ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்காம விட்டீங்கன்னு வைங்க. அவன் ஜெர்மன், அதனால அவனோட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜெர்மனிக்காரன் தங்கும் அனுமதி கார்டு தர மாட்டான், சொந்த நாட்டுக்காரனுக்கு யாராவது விசா தருவாங்களா? பொங்கலுக்கு ஊருக்கு வந்துடுவீங்க, சிக்கல் இல்ல. திரும்பறப்ப மீனம்பாக்கத்துல செக்-இன் கவுன்டர்ல இருக்கற ஏர்லைன்ஸ் பொண்ணு உங்க குழந்தையோட இந்தியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிட்டு ஜெர்மனி விசா எங்க மேடம்னு கேக்கும். என்ன காட்டுவீங்க? ஜெர்மன் சட்டமும் தன் குடிமகன் எல்லை தாண்டறப்ப தன்னோட பாஸ்போர்ட்டைத்தான் காட்டணும்ங்குது. சரின்னு ஜெர்மன் பாஸ்போர்ட்டையும் எடுத்தீங்கன்னா, வேற பாஸ்போர்ட் இல்லைன்னு தூதரகத்துல எழுதிக் கொடுத்தீங்களே, அந்த வார்த்தை பொய்யாப் போச்சு. வேற நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினாலே விரும்பி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினதுக்குச் சாட்சின்னு நம்ம குடியுரிமை விதிகள் வேற சொல்லுது.

அதனால இந்த 4ஆவது பிரிவு வழி யாருக்குப் பொருந்தும்னா, இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மூட்டை கட்டிட்டு நிரந்தரமா ஊருக்கு வந்துடறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு. பையன் இங்க இந்தியனா வளருவான், ஸ்கூல் காலேஜ் எதுலயும் இடறாது, 18 ஆனதும் அவனே முடிவு பண்ணிக்கலாம். வருஷா வருஷம் போய்ட்டு வந்துட்டு இருக்கறவங்களுக்கு இது ஒத்துவராது.

மாமனார் சொன்ன பீரோ வழியை ஒரு குடும்பம் செஞ்சு பார்த்துட்டு என்கிட்ட வந்தாங்க. ஐரோப்பால வேற ஒரு நாடு, நாலு வயசுக் குழந்தை, ரெண்டு பாஸ்போர்ட். வர்றப்ப ஓசிஐ செலவு மிச்சம்னு இந்தியப் பாஸ்போர்ட்ல சீல் வாங்கி உள்ள வந்துட்டாங்க. திரும்பறப்ப ஏர்லைன்ஸ்காரங்க விசா கேட்டதும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டினாங்க, அடுத்து இமிக்ரேஷன்ல அந்தப் பாஸ்போர்ட்ல இந்தியா விசா எங்க, எப்படி உள்ள வந்தீங்கன்னு கேட்டாங்க. ஒரு பாஸ்போர்ட்ல வெளிய போக முடியல, இன்னொண்ணுல உள்ள வந்ததா கணக்கே இல்ல. அப்பா வேலை போயிடும்னு தனியா ப்ளேன் ஏறிட்டார், அம்மாவும் குழந்தையும் பாட்டி வீட்டுல ஆறு வாரம், இந்தியப் பாஸ்போர்ட்டைச் சரண்டர் பண்ணி சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல இருக்கற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸுக்கு நடந்து நடந்து வெளிய போக அனுமதி வாங்கி, அந்தக் குழந்தைக்கு அந்த ஆபீஸ் வாசல் மரமெல்லாம் பழகிப்போச்சு. நல்லவேளை, கேஸ் எதுவும் போடல. போடலாம்னா போட்டிருக்கலாம், இந்தியக் குடிமகன் இல்லாதவர் அதை மறைச்சு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினா ஒரு வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாலேர்ந்து 50,000 வரை அபராதம்னு பாஸ்போர்ட் சட்டம் சொல்லுது. குழந்தை பேர்ல கையெழுத்துப் போடறது நீங்கதானே.

சரி, ஓசிஐ எப்படின்னு கேட்டா, முதல்ல பையனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்கணும். 2024லேர்ந்து அங்க குழந்தைங்களுக்குன்னு தனியா சின்னப் பாஸ்போர்ட் கிடையாது, பெரியவங்க எடுக்கற அதே புக்குதான், 24 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆறு வருஷம் செல்லும், 37.50 யூரோ. அது கைக்கு வந்ததும் ஓசிஐ ஆன்லைன்ல போடலாம், அவனோட பிறப்புச் சான்றிதழ் (இன்டர்நேஷனல் வடிவத்துல கேட்டு வாங்கிடுங்க, மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்), உங்க ரெண்டு பேர் இந்தியப் பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் கேப்பாங்க. வெளிநாட்டுல அப்ளை பண்ணினா அரசாங்கக் கட்டணம் 275 டாலர் கணக்கு, அதை யூரோல வாங்குவாங்க, மேல சர்வீஸ் சார்ஜ். பாஸ்போர்ட் மாத்தறப்பல்லாம் புதுக் கார்டு எடுக்கணுமான்னு பயப்பட வேண்டாம், 2021 ஏப்ரல்ல அதை மாத்திட்டாங்க, 20 வயசு வரைக்கும் ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும் மூணு மாசத்துக்குள்ள அதோட காப்பியும் புது போட்டோவும் அப்லோட் பண்ணினாப் போதும், அதுக்குக் காசு கிடையாது. 20க்கு மேல எடுக்கற பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவ கார்டை மாத்தணும். இந்த மூணு மாசத்தைத்தான் எல்லாரும் மறக்கறாங்க, காலண்டர்ல எழுதி வைங்க.

பொண்ணு கேஸ் இதைவிட லேசு. அவ இந்தியர், தங்கும் அனுமதி இருக்கு, அவளை ஜெர்மன் ஆக்கச் சொல்லி யாரும் உங்களைப் பிடிச்சுத் தள்ளல. வீட்டுக்காரர் அப்ளை பண்றப்ப அவளையும் கூடச் சேர்த்துக்கலாம்னு ஆபீஸ்ல சொல்வாங்க, பெரியவங்களுக்கு 255 யூரோ, கூடச் சேர்ற குழந்தைக்கு 51தான், கட்டணம் கம்மியா இருக்கேன்னு சேர்த்துடாதீங்க. சேர்த்து ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்துட்டா இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும், அவளுக்கும் ஓசிஐதான். சேர்க்காம விட்டா, அப்பா மட்டும் ஜெர்மன் ஆனதால அவளோட இந்தியக் குடியுரிமை போகாது, 9ஆவது பிரிவு யார் வேற நாட்டுக்குடியுரிமை வாங்கினாரோ அவரை மட்டும்தான் பிடிக்கும். 16 வயசு ஆச்சுன்னா அவளே தன் பேர்ல அப்ளை பண்ணலாம், அதுக்கு ஒன்பது வருஷம் இருக்கு. வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை, குடியுரிமைப் பத்திரத்தை அவர் கைல வாங்கற அன்னிக்கே இந்தியக் குடியுரிமை முடிஞ்சுது, ஜெர்மன் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் பழையதுல ஒரு ட்ரிப் அடிச்சுடலாம்னு கிளம்ப வேண்டாம்.

"பின்னாடி வேணும்னா திரும்ப வாங்கிக்கலாம்"னு ஒரு பேச்சு இருக்கே, அதுக்கும் பதில் சொல்லிடறேன். சிங்கப்பூர்ல பிறந்த ஒரு தமிழ்ப் பையன் கேஸ், அப்பா அம்மா அவன் பிறக்கறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிட்டவங்க, 18 ஆனதும் எனக்கு இந்தியக் குடியுரிமை திரும்ப வேணும்னு கேட்டான், மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜெயிச்சான். 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. என்ன சொன்னாங்கன்னா, 8ஆவது பிரிவுல முறையா எழுதிக் கொடுத்து விலகினவங்களோட மைனர் பிள்ளைங்களுக்குத்தான் பெரியவங்க ஆனதும் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பக் கேக்கற உரிமை, வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினதால 9ஆவது பிரிவுல தானாவே இழந்தவங்க பிள்ளைங்களுக்கு அது இல்லைன்னு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க எல்லாரும் இந்த ரெண்டாவது வகைலதான் வருவாங்க. மிச்சம் இருக்கற வழி ஒண்ணு, ஓசிஐ கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆன பெரியவர், ஒரு வருஷம் இந்தியாலயே தங்கினப்புறம் குடியுரிமைக்கு அப்ளை பண்ணலாம், அப்பவும் மத்த நாட்டை விட்டாகணும். உங்க பையனுக்கு 20 வயசுல ஊர் மேல ஆசை வந்தா இந்தக் கதவு இருக்கு.

நீட். தாத்தா ஆசைக்கு ஏழு வயசுக் குழந்தை கிட்ட இப்பவே பதில் கேக்கறது நியாயமில்ல, இருந்தாலும் கேட்டுட்டீங்க. 2021 மார்ச் 4 தேதியிட்ட உத்தரவுப்படி, ஓசிஐ பிள்ளைங்க நீட், ஜேஇஇ எல்லாம் எழுதலாம், ஆனா சீட்டுன்னு வந்தா என்ஆர்ஐ சீட்டும் கூடுதலா ஒதுக்கற சீட்டும்தான், இந்தியக் குடிமக்களுக்குன்னு இருக்கற சீட் கிடையாது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனாங்க, 2023 பிப்ரவரில, அந்தத் தேதிக்கு முன்னாடி ஓசிஐ வாங்கினவங்களுக்கு மட்டும் பழைய உரிமை உண்டுன்னு தீர்ப்பு. நீங்க இனிமே வாங்கப் போறீங்க, அதனால உங்களுக்கு அது உதவாது. என்ஆர்ஐ சீட் கட்டணம் என்னன்னு தனியார் மெடிக்கல் காலேஜ்ல விசாரிச்சவங்க யாரையாவது கேளுங்க, மாமனாரோட வயல் பத்தாது. பொண்ணு இந்தியப் பாஸ்போர்ட்லயே இருந்தா இந்தக் கதவு அவளுக்கு மூடல, அவளை அவசரப்பட்டு மாத்த வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியா வயல், இதுலதான் நிறையப் பேர் தெரியாம மாட்டிக்கறாங்க. நம்ம பக்கம் தாத்தாக்கள் எல்லாருக்கும் பிடிச்சது செட்டில்மென்ட் பத்திரம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோமா, பேரன் பேருக்கு எழுதினோமான்னு. வீடு, மனை விஷயம் வேற. விவசாய நிலம்னா வெளிநாட்டுல வாழறவங்க அதை விலைக்கு வாங்கவும் கூடாது, தானமா வாங்கவும் கூடாதுன்னு அந்நியச் செலாவணி விதி இருக்கு, செட்டில்மென்ட்ங்கறது சட்டத்தோட பார்வைல தானம்தான். இதுல பொண்ணு இந்தியர், பையன் ஜெர்மன்ங்கற வித்தியாசமே கிடையாது, ரெண்டு பேருமே வெளிநாட்டுல குடியிருக்கறதால ரெண்டு பேருக்குமே ஆகாது. ஆனா வாரிசா வர்றதுக்குத் தடை இல்ல. அதனால மாமனார்கிட்ட பத்திரத்தை நிறுத்திட்டு உயில் எழுதச் சொல்லுங்க, ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம் வேணும், பதிவு கட்டாயமில்ல ஆனா பதிஞ்சு வைக்கறது நல்லது. பின்னாடி பிள்ளைங்க அந்த வயலை விக்கணும்னா இந்தியால குடியிருக்கற இந்தியருக்குத்தான் விக்க முடியும், அதையும் சொல்லிடுங்க. உயில்னாலே சில பெரியவங்களுக்கு முகம் மாறும், நீங்க மருமக, உங்க வாயால சொல்ல வேண்டாம், வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லுங்க.

பையனுக்கு ஒரு வயசு ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரு ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம் உக்காந்து, ஊருக்குத் திரும்பப் போறமா இல்லையாங்கறதை மட்டும் பேசுங்க. திரும்பறதுன்னு நிச்சயமா முடிவானா, அவனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு தடவ எழுதுங்க. இல்லைன்னா நாளைக்கே போட்டோ எடுத்துடுங்க, கையோட ஓசிஐக்கும் சேர்த்து ரெண்டு காப்பி அதிகமா வாங்கிக்கோங்க.